எல்லை கடக்கும் பயணத்துக்கு எந்த மோட்டார் சைக்கிள்? ஹிமாலயன் 411: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

பல நாடுகளைத் தரைவழியாகக் கடக்க மோட்டார் சைக்கிள் தேடுகிறவர்கள் பெரும்பாலும் குதிரைத்திறனையும் சஸ்பென்ஷனையும் ஒப்பிட்டுத்தான் தொடங்குகிறார்கள். இந்தியப் பதிவெண் கொண்ட வண்டியில் கிளம்புகிறவர் அதற்கு முன்பே பார்த்தாக வேண்டியது கார்னே என்னும் சுங்க ஆவணத்தை. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 வண்டியைக் கப்பலில் துபாய்க்கு அனுப்பி, ஷார்ஜாவிலிருந்து படகில் ஈரானுக்குக் கடந்து, அங்கிருந்து ஆர்மீனியா, ஜார்ஜியா, துருக்கி என்று ஓட்டியதையும், அதற்கு முன்னும் பின்னும் அதே வண்டியை உள்நாட்டில் பல ஆண்டுகள் பயன்படுத்தியதையும் வைத்து இதை எழுதுகிறேன். ஈரானின் நிலைமை நான் சென்ற காலத்தில் இருந்ததுபோல் இப்போது இல்லை. எனவே இதைப் பாதைக்கான வழிகாட்டியாகக் கொள்ளாமல், வண்டித் தேர்வு பற்றிய குறிப்பாக மட்டும் கொள்ளவும்.

கார்னே என்பது, "இந்த வண்டியை உங்கள் நாட்டில் விற்க மாட்டேன், திரும்ப வெளியே கொண்டுபோய்விடுவேன்" என்பதற்கான உறுதிமொழிப் புத்தகம். இந்தியாவில் மும்பையைச் சேர்ந்த மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்கம் இதை வழங்குகிறது, ஓராண்டுக்குச் செல்லும். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தாள். நுழையும்போது ஒரு முத்திரை, வெளியேறும்போது ஒரு முத்திரை. வெளியேறும் முத்திரை விழவில்லையென்றால் அந்த நாட்டின் இறக்குமதி வரி நம் தலையில் விழும். அதற்காகவே வண்டியின் மதிப்பைக் கணக்கிட்டுப் பிணைத்தொகையோ வங்கி உத்தரவாதமோ கேட்கிறார்கள். ஈரான் போன்ற நாடுகள் பாதையில் இருந்தால் வண்டி மதிப்பில் பிணையாகக் கேட்கும் விகிதம் உயர்ந்துவிடுகிறது. இருபது லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள ஜெர்மன் வண்டியில் போகிறவர், பயணத்துக்கான பணம் போக, வண்டியின் விலையையொத்த தொகையை வங்கியில் முடக்க வேண்டியிருக்கும். இரண்டு லட்சத்தை ஒட்டிய வண்டிக்கு அந்தச் சுமை மிகச் சிறியது. வண்டியின் விலை என்பது ஷோரூமோடு முடிகிற கணக்கு அன்று.

இதிலிருந்து இன்னொன்றும் பிறக்கிறது. உள்ளூர்ப் பயணத்தில் வண்டி பழுதாகி நின்றால் லாரியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பேருந்தில் திரும்பலாம். கார்னேயில் போனவருக்கு அந்த வசதி இல்லை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் வண்டி எல்லையைத் தாண்டி வெளியே போயாக வேண்டும். அதுவும் புத்தகத்தில் எழுதிய அதே இன்ஜின் எண்ணோடும் சேஸிஸ் எண்ணோடும். ஆகவே நான் வண்டியிடம் எதிர்பார்த்தது மூன்று: தனியாளாகத் தூக்க முடிய வேண்டும், சாலையோர மெக்கானிக்கால் திறந்து பார்க்க முடிய வேண்டும், பிணைத்தொகை என் கைக்கு அடங்க வேண்டும். வேகம் இந்தப் பட்டியலில் நான்காவதாகக்கூட இல்லை.

2016-இல் வெளிவந்த ஹிமாலயன் 411 இந்த மூன்றுக்கும் பொருந்தியது. காற்றும் ஆயிலும் குளிர்விக்கும் ஒற்றை சிலிண்டர் இன்ஜின், சுமார் 24 குதிரைத்திறன், 32 நியூட்டன் மீட்டர் இழுவிசை, ஐந்து கியர்கள். முன் சக்கரம் 21 அங்குலம், பின் சக்கரம் 17 அங்குலம். இருக்கை உயரம் 800 மில்லிமீட்டர். என்னைப் போன்ற நடுத்தர உயரக்காரருக்கு இரண்டு கால்களும் தரையில் பதியும். அப்போது ஒப்பிட்டுப் பார்த்த கேடிஎம் 390 அட்வெஞ்சருக்கு 43 குதிரைத்திறன் இருந்தது; ஆனால் இருக்கை 855 மில்லிமீட்டர். சரளைக் கல் பரவிய ஏற்றத்தில் நிறுத்தி, ஒரு காலை ஊன்றித் திரும்ப வேண்டிய இடத்தில் அந்த ஐந்தரை சென்டிமீட்டர்தான் வண்டி விழுமா நிற்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 இதைவிட எடை குறைவு. தனியாக, குறைந்த மூட்டையோடு போகிற ஒல்லியான உடல்வாகுக்காரருக்கு அதை இன்றும் பரிந்துரைப்பேன். எனக்குக் கூடாரம், அடுப்பு, குளிருடை எல்லாம் ஏற்ற வேண்டியிருந்தது.

எடையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பி.எஸ். 6 (இந்தியப் புகை உமிழ்வு விதி) மாடல் ஹிமாலயன் 199 கிலோ, முந்தைய பி.எஸ். 4 மாடல் சில கிலோ குறைவு. இது இலேசான வண்டி அன்று. ஒப்பிட்டால் பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் 249 கிலோ. மூட்டைகள் ஏறியபின் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிவிடும். ஜார்ஜியாவில் உஷ்குலியிலிருந்து லென்டேகி நோக்கி இறங்கும் மண்சாலையில், மழைக்குப் பிந்தைய சேற்றில் வண்டி சாய்ந்தால் தூக்கிவிட ஆள் வருவதற்குள் பொழுது போய்விடும். வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின் கேரியரையும் பற்றி, காலால் உந்திப் பின்னோக்கி நடந்தால் ஹிமாலயனை ஒருவர் நிமிர்த்திவிட முடியும். சேற்றில் முதலில் சைடு பாக்ஸைக் கழற்றிவிட வேண்டும். வாங்குவதற்கு முன் எந்த வண்டியையும் புல்தரையில் படுக்க வைத்து, பயணச் சுமையோடு இரண்டு முறை தூக்கிப் பாருங்கள். ஷோரூமில் சம்மதிக்க மாட்டார்கள். அந்த வண்டியை வைத்திருக்கும் நண்பரைப் பிடிக்க வேண்டும்.

இனி வேகம். 78 மில்லிமீட்டர் துளையும் 86 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் கொண்ட நீள் ஸ்ட்ரோக் இன்ஜின் இது; சிலிண்டரின் அகலத்தைவிடப் பிஸ்டன் நகரும் தூரம் அதிகம். கீழ் வேகத்தில் இழுப்பதற்கென்றே அமைந்தது. மணிக்கு 80 முதல் 90 கிலோமீட்டர் வரை நாள் முழுவதும் அலுக்காமல் ஓடும். நூறைத் தாண்டினால் கைப்பிடியிலும் கால்மிதியிலும் அதிர்வு ஏறும், முந்துவதற்குக் கையில் மிச்சமும் இருக்காது. ஈரானில் இது எனக்கு உறுத்தவில்லை. அங்கே கட்டண விரைவுச்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லாததால், அவற்றுக்கு இணையாகச் செல்லும் பழைய சாலைகளில்தான் லாரிகளோடு ஓட வேண்டும். அந்தச் சாலைகளின் வேகம் இந்த வண்டியின் வேகமேதான். துருக்கியின் அகன்ற நெடுஞ்சாலைகளில் இதே வண்டி திணறியது. எதிர்காற்று வீசிய நாள்களில் நான்காம் கியருக்கும் ஐந்தாம் கியருக்கும் இடையே கால் ஓயவில்லை.

உயரத்தைத் தனியாகக் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கும் இன்ஜின் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு திறனை இழக்கிறது. ஆர்மீனியாவின் தெற்கில் 2,535 மீட்டர் உயரமுள்ள மேக்ரி கணவாயை அடையும்போது 24 குதிரைத்திறன் என்பது பதினெட்டு, பத்தொன்பதாகச் சுருங்கிவிடும். ஃப்யூயல் இஞ்ஜெக்‌ஷன் பெட்ரோலும் காற்றும் சேரும் கலவையைச் சரிசெய்து கொள்கிறதே தவிர, இல்லாத காற்றைக் கொண்டுவராது. இரண்டாம் கியரில் பொறுமையாக ஏறினால் ஏறிவிடும். பின்னால் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு இந்தக் கணவாய்களில் போக நினைப்பவர்களுக்கு இந்த வண்டி போதாது.

டியூப் டயர் பற்றி இரண்டு கருத்துகள் உலவுகின்றன. டியூப்லெஸ் என்றால் ஆணியைப் பிடுங்கி, ரப்பர் திரியைச் செருகி, பத்து நிமிடத்தில் கிளம்பலாம் என்பது உண்மை. அலாய் சக்கரத்தின் விளிம்பு பள்ளத்தில் மோதி நெளிந்தாலோ விரிந்தாலோ அந்த வசதி போய்விடும் என்பதும் உண்மை. ஸ்போக் சக்கரம் நெளிந்தால் தட்டி எடுத்து டியூபை ஏற்றி ஓட்டலாம். ஆனால் அதற்கு டயரைக் கழற்றத் தெரிந்திருக்க வேண்டும். ஈரானில் கெர்மானிலிருந்து ஷாஹ்தாத் பாலைவனம் நோக்கி இறங்கும் சாலையில் என் பின் டயர் இறங்கியபோது, லீவர்கள் கையில் இருந்தும் டயரின் விளிம்பு ரிம்மை விட்டு அசையவில்லை. அவ்வழியே வந்த நீல நிற ஸாம்யாத் பிக்கப்காரர் வண்டியை நிறுத்தி, என் சக்கரத்தைத் தன் வண்டியின் சேஸிஸுக்கு அடியில் படுக்க வைத்தார். ஜாக்கியை டயரின் பக்கவாட்டில் நிறுத்தி, ஜாக்கியின் தலையைச் சேஸிஸில் முட்டவிட்டு நாலு சுற்று சுற்றியதும் விளிம்பு டப்பென்று இறங்கியது. அதற்குப் பிறகு லீவர் வேலை ஐந்து நிமிடம்தான். ஊரிலேயே பஞ்சர் கடையில் ஒரு பிற்பகல் உட்கார்ந்து பின் சக்கரத்தைத் தானே கழற்றி மாட்டிப் பழகாமல் யாரும் டியூப் டயர் வண்டியில் எல்லை தாண்டக் கூடாது. முன் சக்கரத்தின் 21 அங்குல டியூப் ஈரானின் சிற்றூர்களில் கிடைப்பதில்லை. இடம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் அதையே எடுத்துச் செல்லுங்கள். அவசரத்துக்குப் பின் சக்கரத்திலும் அதைத் திணித்து அடுத்த ஊர் வரை போகலாம்.

ஈரானியத் தெருக்களில் ஓடுவது பெரும்பாலும் 125 சிசி வண்டிகள். அங்குள்ள மெக்கானிக்குக்கு நம் வண்டியின் பாகங்கள் கிடைக்காவிட்டாலும் அதன் அமைப்பு புரிந்துவிடுகிறது. வால்வுகளைத் திறக்கும் ஒற்றை கேம் ஷாஃப்ட், ஸ்க்ரூவும் நட்டும் வைத்து வால்வு இடைவெளியைச் சரிசெய்கிற டேப்பட், கம்பி கிளட்ச் கேபிள் ஆகியவற்றுக்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. முகப்பு விளக்குக்கு எங்கும் கிடைக்கும் எச் 4 பல்பு போதும். கிடைக்காதவற்றைச் சென்னையிலேயே வாங்கிக்கொண்டேன். புதுப்பேட்டையிலும் ஜெனரல் பாட்டர்ஸ் சாலையிலும் இந்த வண்டிக்குக் கிடைக்காத பொருள் அரிது. கிளட்ச் கேபிளையும் ஆக்சிலரேட்டர் கேபிளையும் பையில் வைக்காமல், ஓடிக்கொண்டிருக்கும் கேபிளை ஒட்டியே கூடுதல் கேபிளையும் இழுத்து, டேப் சுற்றி வைத்தேன். அறுந்தால் இரு முனைகளையும் மாற்றினால் போதும். பிரேக் பேடுகள், கோன் செட் (ஸ்டியரிங் கழுத்து பேரிங்), பின் சக்கர பேரிங், செயின் லாக், ஸ்பார்க் ப்ளக், இரண்டு ஆயில் ஃபில்டர் ஆகியவையும் உடன் வந்தன. கோன் செட்டைத் துருக்கியில் மாற்றினேன். அத்தனை கற்சாலைக்குப் பிறகு அது இயல்பான தேய்மானம்தான். செயின் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: மணற்பாங்கான பகுதியில் ஸ்ப்ரே அடித்தால் மணல் ஒட்டி அரத்தைப் போல அராவிவிடும். துணியால் துடைத்துவிட்டு, மாலையில் நிறுத்தியபின் 90 நம்பர் ஆயிலை மெல்லத் தடவுவதே போதும்.

சைடு பாக்ஸ் தாங்கியை உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் செய்து வாங்கியிருந்தேன். ஆர்மீனியாவில் அதன் வெல்டிங் விரிந்தது. இரும்புக் குழாய் என்பதால் சிசியானில் ஒரு டிராக்டர் பட்டறையில் ஒட்டவைத்துவிட்டார்கள். அலுமினியத் தாங்கியாக இருந்திருந்தால் அதற்கான வெல்டிங் இயந்திரத்தைத் தேடி அலைய நேர்ந்திருக்கும். பெட்டியைவிடத் துணிப்பை நல்லது என்பது என் முடிவு. விழும்போது கால் மாட்டினால் எலும்பு தப்பும், எடையும் குறையும்.

எரிபொருளில் கவலை எழவில்லை. 15 லிட்டர் டேங்கில் நானூறு கிலோமீட்டர் தாராளமாகப் போகலாம். ஈரானில் பெட்ரோல் அட்டை முறையில் விற்கப்படுகிறது. அட்டையில்லாத வெளிநாட்டவர் பங்க் ஊழியரின் அட்டையிலோ பக்கத்து வண்டிக்காரரின் அட்டையிலோ போடச் சொல்லிப் பணம் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு வங்கி அட்டைகளும் அங்கே செல்லாததால் ரொக்கம் கட்டாயம்.

எல்லைச் சாவடிகளைப் பொறுத்தவரை, ஈரானிலிருந்து ஆர்மீனியாவுக்குப் போகும் நூர்தூஸில் சுங்க அதிகாரி டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு எண்ணை எழுத்தெழுத்தாகக் கார்னேயோடு ஒப்பிட்டார். ஸ்டியரிங் கழுத்தில் பொறித்த சேஸிஸ் எண்ணைக் கேபிள்களும் டேங்க் பையும் மறைத்திருந்தன. இன்ஜின் எண்ணின் மேல் சேறு காய்ந்திருந்தது. ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ் அங்கே எந்தக் கருவியையும்விடப் பயன்பட்டது. ஆர்மீனியா, ஜார்ஜியா, துருக்கி மூன்றிலும் கார்னே கேட்கப்படவில்லை. எல்லையில் காப்பீடு எடுத்துக்கொண்டால் போதுமானதாக இருந்தது.

2023 இறுதியில் ஹிமாலயன் 450 வந்ததும் 411 மாடலின் விற்பனை நின்றுவிட்டது. புதியதில் 452 சிசி, 40 குதிரைத்திறன், ஆறு கியர்கள், 17 லிட்டர் டேங்க். எடையும் 196 கிலோதான். மேலே நான் குறைபட்ட நெடுஞ்சாலைத் திணறலுக்கு அது நேரடி விடை. இருவராகச் செல்கிறவர்களும், துருக்கிக்கு மேற்கே ஐரோப்பாவில் அதிக நாள் ஓட்டப்போகிறவர்களும் அதையே எடுக்கலாம். ரேடியேட்டர், கூலன்ட், இரட்டை கேம் ஷாஃப்ட், வண்ணத்திரை ஆகியவை வந்துவிட்டதால் சாலையோரத்தில் திறந்து பார்ப்பது முன்போல் எளிதன்று. ஈரான், மத்திய ஆசியா போன்ற பாதைகளுக்குத் தனியாளாகப் போவதென்றால் நல்ல நிலையிலுள்ள பழைய 411-ஐத் தேடவே சொல்வேன். அதிலும் கார்புரேட்டர் கொண்ட முதல் மாடலைத் தவிர்த்து, ஃப்யூயல் இஞ்ஜெக்‌ஷன் வந்தபின் உள்ளதைப் பாருங்கள்.

பழைய வண்டி வாங்கும்போது இன்ஜின் சத்தத்தைக் கேட்பதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். கார்னே பதிவு உரிமையாளரின் பெயரில்தான் கிடைக்கும் என்பதால் பெயர் மாற்றம் முழுமையாக முடிந்திருக்க வேண்டும்; முந்தைய உரிமையாளர் கடனில் வாங்கியிருந்தால் அடமானப் பதிவு நீக்கப்பட்டிருக்க வேண்டும்; புத்தகத்திலுள்ள இரண்டு எண்களும் வண்டியில் பொறித்தவையோடு ஓர் எழுத்து விடாமல் பொருந்த வேண்டும். இந்த வேலைகள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சில வாரங்களைத் தின்றுவிடக்கூடும். ஆகவே விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே இவற்றைத் தொடங்கிவிடுங்கள்.