டோபார் இல்லாத டிராக்டர்: இழுவைக்கு நூறு மார்க், லாக் விளக்குக்கு முட்டை

பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸில் சரக்கு விமானங்களைக் கையாளும் தம்பி ஒருவர், "அண்ணே, டோபார் இல்லாத வண்டி எடுக்கலாமா, பழையபடி கனமான வண்டியே போதுமா?" என்று கேட்டிருந்தார். டோபார் என்பது இழுவை வண்டியை விமானத்தின் மூக்குக் காலோடு இணைக்கும் நீண்ட கம்பி. அது இல்லாத வண்டி மூக்குச் சக்கரத்தையே கிரேடில் என்ற தொட்டிலில் கவ்வித் தூக்கிக்கொள்ளும். அவர் கேட்டது, கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ. இருக்கும் செப்பாங்கில் எங்கள் டோபார் இல்லாத வண்டி கிரேடில் சென்சார் வேலை முடிந்து பட்டறையை விட்டு வெளியே வந்த நேரம். அதனால் பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும். எந்தக் கம்பெனி வண்டி என்று எழுதப் போவதில்லை. நான் சொல்லும் குறை இந்த வகையின் அமைப்போடு கூடப் பிறந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மூக்குச் சக்கரத்தைக் கிரேடிலில் கவ்வித் தூக்கிய பிறகு விமானமும் வண்டியும் ஒரே உடம்பாகிவிடுகின்றன. டோபாரில் இரண்டு இடத்தில் மடங்கும், பின்னால் தள்ளும்போது டிரைவர் எதிர்த்திசையில் யோசித்து ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். இதில் அந்தத் தலைவலி பாதியாகிவிடும். கே.எல்.ஐ.ஏ. வளாகம் சுமார் 100 சதுர கிலோமீட்டர். கார்கோ பக்கத்திலிருந்து ஹேங்கருக்கு ஒரு 777 சரக்கு விமானத்தை டோபாரில் இழுத்துப் போவதென்றால் டாக்ஸிவேயை (விமானம் ஊர்ந்து போகும் பாதையை) நெடுநேரம் அடைத்துக்கொண்டே போக வேண்டும், டவரிலிருந்து நச்சரிப்பு வந்துகொண்டே இருக்கும். இந்த வண்டி மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேலும் இழுக்கும். விமான வகைக்கேற்ற தனித்தனி டோபார், அதன் சக்கரம், ஷியர் பின் (விசை மிஞ்சினால் தானே உடைந்துகொடுக்கும் ஆணி) ஸ்டாக், மழையில் அதை உருட்டிக்கொண்டு போக இரண்டு பேர், எதுவும் வேண்டாம். இந்தப் பாராட்டில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறவில்லை.

இனி வதைக்கு வருவோம். கிரேடிலின் கேட் (சக்கரத்தை உள்ளே பூட்டும் கதவு) மூடி, சக்கரம் தூக்கியாகிவிட்டது. கேட் பூட்டியதைக் காட்டும் லாக் விளக்கு மட்டும் கேபினில் எரியாது. விளக்கு எரியாமல் வண்டி நகராது, நகரவும் கூடாது. விமானி ஹெட்செட்டில் காத்திருப்பார், இறக்கை நுனி எதிலும் இடிக்காமல் பார்க்கும் விங் வாக்கர்கள் மழைக்கோட்டில் நிற்பார்கள், நீங்கள் சக்கரத்தை இறக்கி, கேட்டைத் திறந்து, மறுபடி மூடிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டாவது தடவை எரியும். அடுத்த மழையில் மறுபடி எரியாது.

பெரும்பாலும் சென்சார் மேல் தப்பு இருக்காது. கேட் நிலையைப் பார்ப்பது, பக்கத்தில் உலோகம் வந்தால் உணரும் இண்டக்டிவ் சென்சார், அதற்குத் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. கோளாறு அதன் பின்னால் வயரை இணைக்கும் எம்12 கனெக்டரில் இருக்கும். கிரேடில் தரையை ஒட்டி இருப்பதால் சகதி, டயர் தூள், கிரீஸ் எல்லாம் அங்கேதான் சேரும். அதைக் கழுவ ஒருவர் பிரஷர் வாஷரை நேராகப் பிடிப்பார், தண்ணீர் ரப்பர் வளையத்தைத் தாண்டி உள்ளே போய்விடும். சில வாரத்தில் கனெக்டர் பின்னில் பச்சை பூக்கும். பினாங்கின் கடற்காற்றில் இன்னும் சீக்கிரம். இன்னொரு இடம், கிரேடில் ஏறி இறங்கும் மூட்டில் வளையும் கேபிள். வெளி உறை முழுசாகத் தெரியும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். கிரேடில் கீழே இருக்கும்போது சரியாக இருந்து, மேலே போனதும் விளக்கு அணைந்தால் நேராக அந்த மூட்டைப் பாருங்கள்.

ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்க வழி உண்டு. விமானம் இல்லாமல், கேட்டை இயக்க முடியாதபடி மெயின்டனன்ஸ் நிலையில் பூட்டிவிட்டு, ஒரு ஸ்க்ரூடிரைவரை சென்சார் முகத்தருகே கொண்டு போங்கள். சென்சார் முதுகில் உள்ள சின்ன எல்.இ.டி. எரிந்து, கேபின் விளக்கு எரியாவிட்டால் வயர் அல்லது கனெக்டர். எல்.இ.டி.யே எரியாவிட்டால் மீட்டரை வைத்து சப்ளை வருகிறதா என்று பாருங்கள். சப்ளை வந்தும் எரியாவிட்டால் சென்சாரை மாற்றுங்கள். ஸ்க்ரூடிரைவருக்கு எரிகிறது, கேட்டுக்கு எரியவில்லை என்றால் இடைவெளி தள்ளிப்போயிருக்கிறது. மேனுவலில் உள்ள அளவுக்கு இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்துத் திருத்துங்கள். சில மில்லிமீட்டர் சமாச்சாரம்தான், கண்ணால் பார்த்து முடுக்கினால் அடுத்த வாரமே திரும்ப வரும். கனெக்டரைக் காண்டாக்ட் கிளீனரில் சுத்தம் செய்து, காயவிட்டு, வளையத்தைப் புதிதாகப் போட்டு, டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவி மூடுங்கள். கனெக்டர் பின் பச்சையாகி அரித்திருந்தால் சுத்தம் செய்வது வீண் வேலை, கேபிளோடு மாற்றிவிடுங்கள்.

சென்சார் முன்னால் ஓர் இரும்புத் துண்டை டேப் போட்டு ஒட்டி விளக்கை ஏமாற்றுவதை ஒருநாளும் அனுமதிக்காதீர்கள். கேட் பாதி திறந்த நிலையில் பிரேக் பிடித்தால் மூக்குச் சக்கரம் கிரேடிலை விட்டு வெளியே வரும். பிறகு விமானம் எங்கே போகும் என்பது யார் கையிலும் இல்லை.

விமான வகையைத் திரையில் தேர்வு செய்வதிலும் கவனம் வேண்டும். 747-400 மூக்கு டயரின் விட்டம் 49 அங்குலம், 777க்கு 43. ஆறு அங்குல வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஆனால் ஏ330க்கு 1,050 மில்லிமீட்டர், 777க்குச் சுமார் 1,090. தப்பான வகையைத் தேர்ந்தெடுத்தாலும் பார்வைக்கு நன்றாகக் கவ்விய மாதிரியே இருக்கும். திருப்பும் கோணத்துக்கும் இழுவிசைக்கும் உள்ள வரம்பு மட்டும் வேறு விமானத்தினுடையதாகிவிடும். டோபாரில் ஷியர் பின் உடைந்து மூக்குக் காலைக் காப்பாற்றும். இதில் அந்தப் பின் கிடையாது, அந்த வரம்புதான் பின். வரம்பை மீறித் திருப்பினால் அடிக்கும் ஓவர்ஸ்டியர் அலாரம் ஒரு தடவை அடித்தாலும் எஞ்சினியர் மூக்குக் காலைப் பார்க்காமல் விமானம் பறக்கக் கூடாது.

சரக்கு விமானத்துக்கே உரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. இந்த வண்டியின் பிடிப்பு மூக்குச் சக்கரத்தின் மேல் விழும் எடையிலிருந்தும் வருகிறது. அந்த எடை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குள்தான். சரக்கை இறக்கிய 747, அதுவும் எடை பின்பக்கம் சாய்ந்திருந்தால், மூக்கில் எடை இன்னும் குறையும். மழையில் பளபளக்கும் கான்கிரீட்டில் வண்டியின் டயர் அப்போது சுற்றத் தொடங்கும். லோடிங் நடக்கும்போது மூக்கில் விழும் எடை மாறிக்கொண்டே இருக்கும், அப்போது கிரேடிலில் தூக்கவே கூடாது. கடைசி பேலட் ஏறி, கதவு மூடி, வால் தரையில் இடிக்காமல் தாங்கும் டெயில் ஸ்டாண்டை எடுத்த பிறகுதான் கவ்வ வேண்டும்.

கனமான டோபார் வண்டிக்கு இந்தக் கவலை இல்லை. எடையைத் தானே சுமந்து வருகிறது. போயிங் தரும் இழுவை வரைபடங்களில் உராய்வு எண் காய்ந்த கான்கிரீட்டுக்கு 0.80, நனைந்ததற்கு 0.57. 70 டன் வண்டி நாலு சக்கரத்திலும் இழுத்தால் மழையிலும் ஏறக்குறைய 40 டன் இழுவை கிடைக்கும். 747-400 சரக்கு விமானத்தின் அதிகபட்ச எடை சுமார் 397 டன். ஏப்ரன் (விமானம் நிற்கும் தளம்) ஒரு விழுக்காடு சரிந்திருந்தால் அந்தச் சரிவுக்கு மட்டும் 4 டன் கூடுதலாக வேண்டும். எல்லாம் சேர்த்தும் கையில் தாராளமாக மிச்சம் இருக்கும். அன்டோனவ் 124 வந்தாலோ பேச்சே இல்லை. அதற்கு மூக்குக் கால் பக்கத்தில் பக்கமாக இரண்டு, கிரேடிலால் கவ்வ வழியில்லை. டோபார்தான்.

டோபாரிலும் கண்டிப்பு வேண்டும்: ஷியர் பின் உடைந்தால் அந்த விமானத்துக்குரிய பின்னையே போடுங்கள், பெட்டியில் கிடக்கும் போல்ட்டை அல்ல. எந்த வண்டியானாலும் விமானத்தின் மூக்குச் சக்கர ஸ்டியரிங்கைத் துண்டித்து வைக்கும் பைபாஸ் பின் போட்டதைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே இணைக்க வேண்டும். அந்தப் பின் இல்லாமல் விமானத்தில் ஹைட்ராலிக் பிரஷர் வந்தால் டோபார் சாட்டை மாதிரி வீசும், பக்கத்தில் நிற்பவர் கால் போய்விடும்.

ஆக, தம்பிக்கு என் பதில்: பாயான் லெப்பாஸில் தூரம் குறைவு, வருவது பெரிய சரக்கு விமானம், சாயங்காலம் ஆனால் மழை. கனமான டோபார் வண்டியையே எடுங்கள். செப்பாங்கில் கேட்டால் முன்பு வேறு பதில் சொல்லியிருப்பேன். லாக் விளக்கு படுத்திய பாட்டுக்குப் பிறகு, இங்கேயும் சரக்குப் பக்கம் ஒரு 70 டன் வண்டி நிற்க வேண்டும் என்றே தோன்றுகிறது.

இல்லை, புதுசுதான் வேண்டும் என்று முதலாளி நின்றால், ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்: கிரேடில் சென்சார் இரண்டு செட், மூட்டுக் கேபிள் இரண்டு, சென்சார் இடைவெளி அளவு உள்ள மேனுவல் பக்கம், டிரைவருக்கு மட்டுமல்லாமல் பட்டறை ஆளுக்கும் பயிற்சி. வண்டி வந்த அன்றே பிரஷர் வாஷர் வைத்திருப்பவரைக் கூப்பிட்டு, கிரேடிலில் எந்தப் பக்கம் தண்ணீர் அடிக்கக் கூடாது என்று பெயிண்டால் கோடு போட்டுக் காட்டிவிடுங்கள்.