ஜெட் ஸ்கீ: சீசனுக்கு முன் நாமே பார்ப்பதா, பட்டறையில் விடுவதா?

மாதக்கணக்கில் மூடிக் கிடந்த ஜெட் ஸ்கீயை, அதாவது நீரில் ஓடும் ஸ்கூட்டரை, தண்ணீரில் இறக்குமுன் செய்யவேண்டிய வேலைகளில் பெரும்பாலானவை நம் கைக்கு அடங்குபவைதான். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, மீட்டரில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். மிகவும் இறங்கியிருந்தால் சார்ஜ் ஏற்றி, மறுநாளும் பாருங்கள். ஸ்பார்க் பிளக் மாற்றுவது, அடியிலுள்ள வடிகால் மூடிகளை இறுக்குவது, இருக்கைக்கு அடியில் எலி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் ஒரு காலைப்பொழுது வேலை. வண்டியும் நமக்குப் பழகிவிடும். நடுநீரில் நின்றுபோனால் அந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும்.

கரையில் வைத்து, என்ஜின் சூடாகாமலிருக்க ஓஸ் பைப் மாட்டித் தண்ணீர் விட்டு ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் வரிசை தப்பவே கூடாது. தொடங்கும்போது முதலில் என்ஜின், பிறகு தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு என்ஜின். மாற்றிச் செய்தால் தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியாகச் சிலிண்டருக்குள் புகுந்து, என்ஜினையே கெடுத்துவிடலாம்.

பட்டறையின் பலம் வேறு. தண்ணீரைப் பின்னால் பீய்ச்சி வண்டியைத் தள்ளும் பம்புக்குள், விசிறிபோலச் சுழலும் இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் இடைவெளி கூடிவிட்டால், என்ஜின் இரையும்; வேகம் ஏறாது. அந்த வளையத்தை மாற்றப் பம்பைக் கழற்ற வேண்டும். என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜருக்கும், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகும் பிழைக் குறிகளுக்கும் உரிய கருவிகள் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் சீசன் நெருங்கினால் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும், காத்திருக்க வேண்டியதுதான்.

சூப்பர்சார்ஜர் உள்ள வண்டி என்றால் யோசிக்காமல் பட்டறைக்கே அனுப்புவேன், அதுவும் சீசனுக்கு வெகு முன்பே. இல்லாத வண்டிக்கு, கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நாமே உட்காருவதுதான் மேல்.