விவிபேட் பெட்டி: 5-க்கு 3.5

ஓட்டு மெஷினைவிட பக்கத்திலிருக்கும், யாருக்குப் போட்டோம் என்று சீட்டில் காட்டும் விவிபேட் பெட்டிதான் எனக்குப் பிடித்தது. பட்டனை அழுத்தியதும் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு எரிந்து, வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் அச்சான சீட்டு 7 நொடி நின்று, தானாக அறுந்து உள்ளே விழும். கண்ணால் பார்த்த திருப்தி நிஜம். ஆனால் எண்ணும்போது ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 சாவடிகளின் சீட்டுகளைத்தான் சரிபார்க்கிறார்கள், அதுவும் 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு (அதுவரை ஒன்றே ஒன்று!). எல்லாவற்றையும் எண்ணச் சொன்ன மனுக்கள் 2024-இல் தள்ளுபடி. கொஞ்சமாவது கூட்டியிருக்கலாம். சரி, இதனால் ஓட்டுப் போட வருகிற கூட்டம் கூடியதா? சென்னையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை, 2019-இல் எல்லாச் சாவடியிலும் பெட்டி இருந்தும் வாக்குப்பதிவு மாநில சராசரியை எட்டவில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபட்டவரை இந்தப் பெட்டியா கூட்டிவரும்? அப்புறம், எழுத்து பொடி, கண்ணாடி போடுகிறவர்கள் மறக்காமல் எடுத்துப் போங்கள்.