ஹர்ட்ஸா, டுவாவா? அலபாமாவின் தீராத பஞ்சாயத்து

2018 ஜனவரி 8 இரவு, அட்லாண்டா. கல்லூரி அமெரிக்கக் கால்பந்தின் தேசிய இறுதிப் போட்டி. இடைவேளையின்போது அலபாமா பல்கலைக்கழக அணி 13-0 என்று ஜார்ஜியாவிடம் பின்தங்கியிருந்தது. பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் எறிந்த 8 பந்துகளில் 3தான் சகவீரர் கையில் சேர்ந்தன. கிடைத்தது வெறும் 21 யார்டு. இடைவேளை முடிந்ததும் பயிற்சியாளர் நிக் சேபன் வேறொருவரை இறக்கினார்: ஹவாயிலிருந்து வந்த முதலாண்டு மாணவர், இடக்கைக்காரர், டுவா டங்கோவைலோவா.

அந்த சீசன் முழுக்க ரசிகர்கள் அடித்துக்கொண்ட விஷயம்தான் இது. ஹர்ட்ஸ் தொடங்கிய 28 ஆட்டங்களில் அலபாமா தோற்றது இரண்டே இரண்டில். இதற்கு மேல் என்ன வேண்டும் என்பது ஒரு கட்சி. எறிந்தே ஆக வேண்டிய நாளில் அவரால் முடியவில்லையே என்பது எதிர்க்கட்சி. ஆபர்னிடம் 26-14 என்று தோற்றதை இவர்கள் காட்டுவது நியாயம். ஆனால் 2017 ஜனவரியில் கிளெம்சனிடம் தோற்ற இறுதிப் போட்டியையும் ஹர்ட்ஸ் கணக்கில் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அன்று கடைசி இரண்டு நிமிடச் சொச்சத்தில் 30 யார்டு தானே ஓடி அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தவர் அவர். ஒரு நொடி மிச்சமிருக்கும்போது கோட்டைவிட்டது தடுப்பு அணி.

சரி, இருவரின் ஆட்டமும் எப்படி வேறுபட்டது? ஹர்ட்ஸ் பந்தை வாங்கியதும் ஓரத்தில் நிற்கும் ஒரு தடுப்பாளரைப் பார்ப்பார். அவர் உள்ளே பாய்ந்தால் பந்தைத் தானே வைத்துக்கொண்டு வெளிப்பக்கமாக ஓடுவார். பாயாமல் நின்றால் பக்கத்தில் வரும், பந்தோடு ஓடுவதற்கென்றே இருக்கும் ரன்னிங் பேக்கிடம் கொடுத்துவிடுவார். எறிய வேண்டிய நேரத்திலும், பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர்களில் முதலில் பார்த்தவர் தடுப்பாளர் இல்லாமல் காலியாக இல்லையென்றால் கால்தான் பேசும். 2017இல் இப்படி ஓடியே 855 யார்டு எடுத்தார். எறிந்தது 255 முறை; எதிராளி கையில் சிக்கியது ஒரே ஒரு பந்து.

அந்த ஒன்றைத்தான் இரண்டு கட்சியும் தூக்கிப் பிடித்தன. பந்தைத் தொலைக்காதவர் என்றார்கள் ஹர்ட்ஸ் கட்சியினர். தொலையக்கூடிய பந்தை எறியவே இல்லை என்றார்கள் எதிர்க்கட்சியினர். விக்கெட்டே விடாமல் நின்று தேவையான ரன் ரேட்டை ஏற்றிவிட்டுப் போகும் ஓப்பனரைத் திட்டியிருக்கிறோமே, அதே கதை. என் வோட்டு இரண்டாவது கட்சிக்குத்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அதைப் பிறகு சொல்கிறேன்.

டுவா ரிசீவர் காலியாகும்வரை காத்திருக்க மாட்டார். ஆள் வந்து சேரப்போகும் இடத்துக்குப் பந்து முன்னாலேயே போய்விடும். அந்த இறுதிப் போட்டி இரவு ஓர் இன்டர்செப்ஷன் (எதிராளி பிடித்துக்கொண்ட எறி) கொடுத்தார், மூன்று டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி 6 புள்ளி) எறிந்தார். ஆட்டம் 20-20 என்று கூடுதல் நேரத்துக்குப் போனது. ஜார்ஜியா 51 யார்டு தூரத்திலிருந்து உதைத்து 3 புள்ளி எடுத்தது. அலபாமாவின் முதல் முயற்சியில் டுவா பந்தை விடாமல் பின்னாலேயே போய்ப்போய் 16 யார்டு இழந்து விழுந்தார். பச்சைப்பிள்ளைத் தவறு. பந்தைத் தொடர்ந்து கையில் வைத்திருக்க 10 யார்டு எடுக்க வேண்டிய இடத்தில் இப்போது 26.

அதற்கு அடுத்த முயற்சியை நான் நிறுத்தி நிறுத்தி எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. பந்து கைக்கு வந்ததும் டுவா முதலில் வலப்பக்கம் பார்க்கிறார். பின்னால் நிற்கும் கடைசித் தடுப்பாளரான சேஃப்டியின் கவனம் அந்தப் பக்கம் போகிறது. இடது ஓரத்துக்கு வர அவருக்கு அரை நொடி தாமதமாகிறது. அதற்குள் டுவா திரும்பி, இடது ஓரமாக ஓடும் டெவான்டா ஸ்மித்துக்கு எறிந்தாயிற்று. 41 யார்டு டச்டவுன். 26-23, கோப்பை. ஓடிப் பிழைக்கிற ஆட்டத்தில் இந்தக் கண் வித்தைக்கு வேலையே இல்லை.

2018இல் டுவா 3,966 யார்டு, 43 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன். எறிதலுக்குச் சராசரி 11.2 யார்டு. ஹர்ட்ஸுக்கு முந்தைய ஆண்டு 8தான். வழக்கு முடிந்தது என்று டுவா கட்சி மூட்டையைக் கட்டியது.

இங்கேதான் என் நிபந்தனை. சேபனுக்குக் கீழே தாக்குதல் பயிற்சியாளராக ஹர்ட்ஸுக்கு இரண்டே சீசனில் ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர்கள் மூன்று பேர்: லேன் கிஃபின், கிளெம்சன் இறுதிக்கு மட்டும் ஸ்டீவ் சார்கிசியன், அப்புறம் பிரையன் டேபோல். ஒருவரின் பாஷை பழகுவதற்குள் அடுத்தவர். 2018இல் மைக் லாக்ஸ்லி வந்தார். ஜெரி ஜூடி, ஹென்ரி ரக்ஸ், ஸ்மித், ஜேலன் வாடில் என்று ரிசீவர்களும் கூட்டமாகத் திரண்டு நின்றார்கள். அதே ஏற்பாட்டில் மாற்று ஆளாக இறங்கிய ஹர்ட்ஸ் எறிந்த 70இல் 51 சேர்ந்தன. ‘எறியத் தெரியாதவர்’ செய்கிற காரியமா இது?

அந்த ஆண்டு டிசம்பர் 1, அதே அட்லாண்டா மைதானம், அதே ஜார்ஜியா, எஸ்.இ.சி. (தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு) இறுதி. டுவாவுக்கு அன்று எதுவும் சரிப்படவில்லை: 25இல் 10, இரண்டு இன்டர்செப்ஷன், கடைசியில் கணுக்காலும் போயிற்று. 28-21 என்று பின்தங்கிய நிலையில் ஹர்ட்ஸ் வந்தார். எறிந்த 9இல் 7 சேர்ந்தன. ஜூடிக்கு ஒரு டச்டவுன் எறிந்து சமன் செய்தார். ஒரு நிமிடம் மிச்சமிருக்க 15 யார்டு தானே ஓடி 35-28 என்று முடித்தார். பதினோரு மாதம் முன் தன்னை உட்கார வைத்த அதே மைதானத்தில். அன்றிரவு இரண்டு கட்சியும் ஒரே கட்சி.

அடுத்த மாதம் தேசிய இறுதியில் கிளெம்சன் 44-16 என்று அலபாமாவைப் புரட்டியெடுத்தது. தொடக்கத்திலேயே டுவாவின் ஒரு பந்தைப் பிடித்து அப்படியே டச்டவுனுக்கு ஓடினார்கள். துணிந்து எறிவதற்கு விலை உண்டு. அன்று அது கட்டப்பட்டது.

ஆகவே 13-0 என்று பின்தங்கிய அந்த இடைவேளையில் நானாக இருந்தாலும் டுவாவைத்தான் இறக்கியிருப்பேன். ஆனால் ஹர்ட்ஸ் பயந்து ஆடினார் என்றால், அப்படி ஆடத்தான் அவரைப் பழக்கியிருந்தார்கள். 2019இல் அவர் ஓக்லஹோமாவுக்கு மாறினார். அங்கே பயிற்சியாளர் லிங்கன் ரைலி அவரை நடுமைதானத்தில் தயங்காமல் எறிய வைத்தார். அந்த சீசனில் ஹர்ட்ஸ் கொடுத்த இன்டர்செப்ஷன் 8. எறிதலுக்குச் சராசரி 11.3 யார்டு, டுவாவின் 2018 கணக்கைவிட ஒரு மயிரிழை கூட.