'அப்பா பாட்டுக் கேட்ட செட்' என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள்

கொழும்பில் பழைய வால்வு செட் ஒன்று, அதாவது கண்ணாடி வால்வுகளில் ஓடும் பழைய ரேடியோ, வாங்கத் தேடிக்கொண்டிருக்கும் யாராவது இதை வாசித்தால், நான் கொடுத்த 2 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாயில் கொஞ்சமாவது உருப்படியாகப் போனது என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். விற்றவரின் பெயரை எழுதப் போவதில்லை. அந்தப் பெயரே உண்மையா என்று எனக்கு இப்போது சந்தேகம். அவர் சொல்லும் கதையை எழுதுகிறேன், அதை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் ஐந்து படங்கள் இருந்தன. பித்தளை நிற முகப்பு, வரிசையாகத் திருகிகள், கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சத்தில் அலைவரிசை எண்கள், சுற்றிவர மரப்பெட்டி. பிஷர் 500-சி. அமெரிக்காவில் 1960களின் நடுப்பகுதியில் வந்த ஸ்டீரியோ ரிசீவர் அது. ரேடியோவும் அம்ப்ளிபயரும் ஒரே பெட்டிக்குள். ஸ்பீக்கரை ஓட்டுவது 7591 என்ற இலக்கமுள்ள நான்கு வால்வுகள். வால்வுப் பைத்தியம் பிடித்தவர்கள் இந்த செட்டின் படத்தைப் பார்த்தால் போனை மேசையில் வைக்க மாட்டார்கள். நானும் வைக்கவில்லை.

அழைத்துக் கதைத்தேன். "அண்ணை, இது அப்பா ஐம்பத்தேழாம் ஆண்டு வாங்கினது. இதிலதான் அவர் மயில்வாகனத்தின்ர நிகழ்ச்சி கேக்கிறவர். விக்க மனமில்லை, பிள்ளையை வெளியில அனுப்பக் காசு வேணும்" என்றார்.

அந்தக் காலத்தில் ரேடியோ சிலோனின் தமிழ் அறிவிப்பாளராக இருந்த எஸ்.பி. மயில்வாகனத்தின் பெயரைக் கேட்டதும் எனக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. 95 யாழ்ப்பாண இடப்பெயர்வில் அம்மா தையல் மெஷினைத் தூக்கச் சொன்னா. அப்பா ரேடியோவைப் பார்த்துக்கொண்டே நின்றார். மெஷின்தான் எங்களோடு வந்தது. அந்த ரேடியோவை விலை கொடுத்துத் திரும்ப வாங்குவதாக நினைத்துக்கொண்டுதான் அடுத்த நாள் தெஹிவளைக்கு ஓட்டோ பிடித்தேன்.

அந்த ஒரு வசனத்தில் எத்தனை பொய் இருந்தது என்பது பிறகுதான் விளங்கியது. முதலாவது, 57 இல் உலகில் எங்குமே எப்.எம். ஸ்டீரியோ செட் கிடையாது. அமெரிக்காவில் அந்த ஒலிபரப்பு தொடங்கியதே 1961 ஜூனில்தான். இரண்டாவது இன்னும் மோசம். 500-சி எப்.எம். மட்டும் பிடிக்கும் செட். அதே காலத்தில் வந்த 800-சி என்ற அண்ணன் செட்டுக்குத்தான் ஏ.எம். உண்டு. மயில்வாகனம் பேசியதோ மத்திய அலையிலும் சிற்றலையிலும், இரண்டும் ஏ.எம். இந்த செட்டை அப்பா காலத்தில் கொழும்பில் வைத்திருந்தால் ஒரு நாளும் அவருடைய குரல் அதில் வந்திருக்காது. முகப்பிலேயே ஏ.எம். அளவுகோல் இல்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன்.

போனபோது செட் ஏற்கெனவே சூடாக ஓடிக்கொண்டிருந்தது. பட்டப்பகல், ஜன்னல் எல்லாம் திறந்தபடி, செட் மரப்பெட்டிக்குள். ஒரு பாட்டு முழுதாக, இன்னொரு பாட்டில் பாதி. "கன நேரம் போட வேணாம், கரண்ட் பில்" என்று சிரித்துக்கொண்டே நிறுத்திவிட்டார். கெப்பாசிட்டர் எல்லாம் புதிது, வால்வு நான்கும் ஒரிஜினல், நம்முடைய 230 வோல்டை அமெரிக்க செட்டுக்கு ஏற்றபடி இறக்கும் பெட்டியும் சேர்த்துத் தருகிறேன் என்றார். அந்தப் பெட்டி கைக்குள் அடங்கும் ஒரு கறுப்புச் சாமான். மேலே 1600 வாட் என்று எழுதியிருந்தது. பில் கேட்டேன். "வீட்டுச் சாமானுக்கு என்ன அண்ணை பில்" என்றார். அது நியாயமாகத்தான் பட்டது.

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டுக்கு அதை ஏற்ற இரண்டு பேர் தேவைப்பட்டது. பிள்ளைகள் கை வைக்காமல் இருக்க, கறுப்புப் பெட்டியின் மேல் வெள்ளை டேப் ஒட்டி 'தொடாதே' என்று எழுதினேன். இரவு சாப்பாடு முடிந்து எப்.எம்.இல் இலங்கை வானொலியின் தென்றல் சேவையைத் தேடிப் பிடித்தேன். ஒரு நாதஸ்வரக் கச்சேரி போய்க்கொண்டிருந்தது. முதல் இருபது நிமிடத்தைப் பற்றி நான் பொய் சொல்ல மாட்டேன். கீழே மெரைன் டிரைவ் ஓரம் ரயில் போகும்போது கூடத் தவிலின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக நின்றது. மனைவியே தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தா. கறுப்புப் பெட்டி மட்டும் ஒரு வண்டு மாதிரி ரீங்கரித்துக்கொண்டிருந்தது. பழைய செட் என்றால் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வால்வின் செம்மஞ்சள் ஒளியைப் பார்க்கத்தானே காசு கொடுத்தது என்று மேல் மூடியைக் கழற்றி லைட்டை அணைத்தேன். வால்வுக்குள் நடுவில் மெல்லிய இழை செம்மஞ்சளாக எரிவது சரி. அதைச் சுற்றியிருக்கும் சாம்பல் நிறத் தகடு எரியக்கூடாது. வலது பக்கத்திலிருந்து இரண்டாவது வால்வில் அந்தத் தகட்டின் நடுவில் ஐந்து சத நாணயம் அளவுக்கு ஒரு மங்கிய சிவப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விரிந்தது. அடுப்பில் மறந்துபோய் வைத்த தோசைக்கல் மாதிரிச் சிவந்தது. பிறகு மெழுகும் தூசியும் சேர்ந்து எரிகிற மணம். மனைவி "பிளக்கை இழுங்கோ" என்று கத்தியபோதுதான் என் கை அசைந்தது.

இன்னும் ஐந்து நிமிடம் விட்டிருந்தால் வால்வோடு போயிருக்காது. வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கும் அவுட்புட் ட்ரான்ஸ்போமர் எரிந்திருக்கும். அது எரிந்தால் அந்த செட்டின் உயிர் போனது மாதிரி. வேறு வால்வு வாங்கலாம், அதற்கு மாற்றுத் தேடி அலைய வேண்டும்.

மருதானைப் பக்கம் ரேடியோ திருத்தும் ஒரு பாஸ் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், தமிழும் சிங்களமும் கலந்து பேசுவார். செட்டைக் கவிழ்த்து அடித்தகட்டைக் கழற்றினார். ஒரு கை எப்போதும் முதுகுக்குப் பின்னால். பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டருக்குள் 400 வோல்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், இரண்டு கையும் உள்ளே போனால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும் என்றார். முதலில் ஒரு ரெசிஸ்டர் வைத்து அதை இறக்கிவிட்டுத்தான் தொட்டார். வீட்டில் நான் மூடியைக் கழற்றி மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது.

பிறகு பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒரு வால்வின் கண்ணாடியைத் துடைத்தார். 7591 என்ற இலக்கம் பஞ்சோடு வந்துவிட்டது. அடியில் வேறு எழுத்துகளின் நிழல். பழைய சோவியத் வால்வு, 6எல்6 வகை. "மாத்தயா, இது வேற ஜாதி" என்றார். 7591 மெலிந்த வால்வு, இது கொஞ்சம் கொழுத்தது. கால்களின் ஒழுங்கும் வேறு. அதனால் சொக்கட்டுக்கு அடியில் வயரைக் கழற்றி மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். மாற்றியதோடு விட்டுவிட்டார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். வால்வு அளவாக ஓட அதற்குள் இருக்கும் கிரிட் என்ற கம்பிவலைக்கு ஒரு நெகட்டிவ் வோல்ட் கொடுத்துப் பிடித்து வைக்க வேண்டும், மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி. 7591க்கு 20 வோல்டுக்குள் போதும். 6எல்6 வகைக்கு அந்த அழுத்தத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேண்டும். அந்த நெகட்டிவ் வோல்டைக் கொடுப்பது, ஏ.சி.யை டி.சி.யாக்கும் 60 வயதான ஒரு செலீனியம் ரெக்டிபயர். அது வயதாக ஆக வோல்டைக் குறைத்துத்தான் கொடுக்கும். பாஸ் மீட்டரை வைத்துக் காட்டினார், 14. கயிறே இல்லாமல் மாட்டை அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள்.

'எல்லாம் புதிது' என்ற கெப்பாசிட்டரில் மாற்றியது இரண்டு. மேலே தெரிகிற இரண்டு.

கறுப்புப் பெட்டியைக் கையில் எடுத்ததும் பாஸ் சிரித்தார். அரைக் கிலோ கூட இல்லை. அது ட்ரான்ஸ்போமரே இல்லை. பயணிகள் ஹெயார் டிரையர், இஸ்திரிப்பெட்டி ஓட்டக் கொண்டுபோகும் சாமான். மின்னலையைக் கத்தரித்துக் கத்தரித்துச் சராசரியைக் குறைத்துக் காட்டும். சூடேறும் கம்பிக்கு அது போதும். ஒரு வால்வு செட்டை அதில் போடுவது கொலை. அந்த ரீங்காரம் அதனால்தான். உண்மையான 300 வாட் ட்ரான்ஸ்போமர் கையை இழுக்கும் பாரம். அதிலும் 120 வோல்டுக்கு இறக்குவதை விட 110க்கு இறக்குவதை வாங்கச் சொன்னார். செட் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது, இங்கே 50. இரும்பு அதிகம் சூடேறும், கொஞ்சம் குறைவாகக் கொடுத்தால் மூச்சு விடும். முதலாம் குறுக்குத் தெருவில் தேடி அப்படி ஒன்று வாங்கினேன்.

விற்றவரை அழைத்தேன். முதல் இரண்டு நாள் எடுக்கவில்லை. மனைவியின் போனிலிருந்து எடுத்ததும் குரல் வந்தது.

"தம்பி, வால்வு ஒரிஜினல் இல்லையே."

"அண்ணை, பழைய சாமான் எண்டால் அப்பிடித்தான். நீங்கள் கேட்டுப் பாத்துத்தானே கொண்டுபோனீங்கள்."

"அப்பா வாங்கினது எண்டு சொன்னீங்கள்."

"அப்பா வாங்கினதுதான். அவர் ஆரிட்ட வாங்கினாரோ ஆருக்குத் தெரியும்."

ஆத்திரத்தில் போய் அந்தக் கறுப்புப் பெட்டியை அவர் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். கதவு திறக்கவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழைக்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். அழைத்து என்ன காட்டுவது? பில் இல்லை, எழுத்தில் ஒரு வரி இல்லை, விளம்பரத்தையும் அவர் அழித்துவிட்டார். நான் அதைப் படம் பிடித்துக்கூட வைக்கவில்லை. நியாயம் கேட்கப் போக எனக்குக் காலே இல்லை, அதை வெட்டிக்கொண்டது நான்தான்.

7591 இன்றும் ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் செய்கிறார்கள். டொரொண்டோ மச்சான் விடுமுறைக்கு வந்தபோது நான்கைச் சட்டைகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். பாஸ் சொக்கட்டுகளைப் பழைய ஒழுங்குக்குத் திருப்பினார், செலீனியத்தை எடுத்துவிட்டு சிலிக்கன் டயோட் வைத்தார், கெப்பாசிட்டர்களை மாற்றினார், கடற்காற்றில் கறுத்திருந்த திருகிகளையும் சுவிட்சுகளையும் கழுவினார். எல்லாமாக 95 ஆயிரம். அதில் பாஸின் கூலிதான் ஆகக் குறைவு. கூடக் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார்.

இப்போது வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இரவில் போங்கள். நீங்கள் போகும்போது செட் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். மரப்பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, லைட்டை அணைத்து, ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுத் தகடுகளைப் பாருங்கள். ஒரு மணித்தியாலத்துக்குச் சம்மதிக்காதவரிடம் ஒரு நிமிடமும் நிற்க வேண்டாம். முடிந்தால் பாஸ் மாதிரி ஒருவரைக் கூட்டிப்போய் அடித்தகட்டைத் திறக்கச் சொல்லுங்கள். ஓட்டோக் காசும் அவருக்கு ஒரு சாப்பாடும் எனக்கு ஒன்றரை ஆயிரத்துக்குள் முடிந்திருக்கும். ஜப்பான் செட் என்றால் எப்.எம். அளவுகோலையும் பாருங்கள். அந்த நாட்டுக்கென்று செய்ததில் 76 இலிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் இருக்கும், நம்முடைய நிலையங்களில் பெரும்பாலானவை அதற்கு மேலே. விளம்பரத்தைப் படம் பிடித்து வையுங்கள். ஒரு தாளில் செட்டின் பெயர், தொகை, அவருடைய அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. வெட்கப்பட வேண்டாம். நான் வெட்கப்பட்டேன்.

செட் இப்போது நன்றாகப் பாடுகிறது. ஞாயிறு பின்னேரம் அப்பாவைக் கொண்டுவந்து முன்னால் இருத்தினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. சிலோன் எடுக்காதோ?" என்றார். எடுக்காது என்றேன்.

இதை எழுதத் தூண்டியது போன கிழமை கண்ணில் பட்ட ஒரு விளம்பரம். இந்த முறை வேறு கம்பனி வால்வு அம்ப்ளிபயர், வேறு பெயர், வேறு போன் இலக்கம். அப்பா வாங்கியது, பிள்ளையை வெளியில் அனுப்பக் காசு வேண்டும், மயில்வாகனம். நான்காவது படத்தில் செட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கறுப்புப் பெட்டி. டேப்பை உரித்திருக்கிறார்கள், முழுதாக வரவில்லை. 'தே' மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.