சீட்டுக்கு அடியிலா, டிக்கியிலா? கம்பெனி ஸ்டீரியோவுக்கு ஏற்ற சப்வூஃபர்

காரோடு வந்த கம்பெனி ஸ்டீரியோவை மாற்றாமல் பாஸ் (தாழ்ந்த, அதிரும் ஒலி) மட்டும் வேண்டும் என்று கேட்டால் கடையில் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்று, ஆம்ப் (ஒலிபெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) உள்ளேயே இருக்கும் மெல்லிய 8 இன்ச் சப்வூஃபர். முன்சீட்டுக்கு அடியில் போய்விடும். மற்றது டிக்கியில் வைக்கும் 10 இன்ச் அல்லது 12 இன்ச் மரப்பெட்டி. அதற்குத் தனியாக மோனோ ஆம்ப் வாங்க வேண்டும். அட்டையில் கொட்டை எழுத்தில் இருப்பது உச்ச வாட். பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட். 160 வாட் என்று விற்கும் சீட்டடி சப்வூஃபர் தொடர்ந்து தருவது 50 வாட் அளவில்தான் இருக்கும்.

அதுவே பலருக்குப் போதும். நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். நல்ல சீட்டடி சப்வூஃபர் அதுவரை ஓரளவு இறங்கும். மிருதங்கத்தின் தொப்பிக்கும் தவிலுக்கும் குறையிருக்காது. 30 ஹெர்ட்ஸ் அளவில் உறுமும் சிந்தசைசர் பாஸ் வேண்டுமென்றால் பெட்டிதான்.

இடம் அடுத்த கேள்வி. சீட்டை முழுக்க இறக்கி, முன்னும் பின்னும் நகர்த்தி, மிகக் குறைந்த உயரத்தை அளக்கவும். ஏசி காற்றுக்குழாயை அடைத்துவிடக் கூடாது. மஞ்சள் கப்ளர் தெரிந்தால் அது ஏர்பேக் வயரிங், தொடாதீர்கள். மூடிய 10 இன்ச் பெட்டிக்கு உள்ளளவு 17 முதல் 23 லிட்டர் வரை தேவை. போர்ட் (காற்று போய்வரும் துளை) வைத்த பெட்டி இன்னும் பெரிது. 18 மிமீ எம்டிஎஃப் பலகையின் தடிமனையும் சேர்த்தால், 268 லிட்டர் டிக்கி கொண்ட 2018 ஸ்விஃப்டில் ஒரு சூட்கேஸின் இடம் போய்விடும். பெட்டியை இறுக்கிக் கட்டாவிட்டால் திடீர் பிரேக்கில் பின்சீட்டில் வந்து மோதும்.

வயரிங்கில் வித்தியாசம் பெரிது. 300 வாட் கிளாஸ்-டி (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) ஆம்ப் முழு சக்தியில் சுமார் 27 ஆம்பியர் இழுக்கும். 8 கேஜ் சுத்தத் தாமிர கேபிள் வேண்டும். தாமிரம் பூசிய அலுமினியம் என்றால் இன்னும் தடித்த 4 கேஜ் (எண் குறையக் குறைய கேபிள் தடிக்கும்). ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 செமீக்குள் இருக்கட்டும், இல்லையென்றால் கேபிள் உரசும் இடத்தில் தீப்பிடிக்கலாம். சீட்டடி வகைக்கு உடன் வரும் வயரும் ஃபியூஸுமே போதும். எர்த்துக்கு இரண்டிலும் பெயின்டைச் சுரண்டி வெற்று உலோகத்தில் இறுக்க வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டில் மாட்ட வேண்டாம். இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலி வந்தால் முதலில் எர்த்தைப் பாருங்கள்.

சிக்னல்தான் சிக்கலான இடம். பெரும்பாலான கம்பெனி ஸ்டீரியோக்களில் ஆம்புக்கு நேராகச் சிக்னல் தரும் ஆர்சிஏ வெளியீடு கிடையாது. பின் டோர் ஸ்பீக்கர் வயரிலிருந்து ஆம்பின் ஹை-லெவல் இன்புட்டுக்கு (ஸ்பீக்கர் சிக்னலை ஏற்கும் இணைப்புக்கு) எடுக்க வேண்டும். அந்த இரண்டு வயரிலும் சுமார் 6 வோல்ட் டிசி இருக்கும். மைனஸை பாடியில் எர்த் செய்தால் ஸ்டீரியோவின் ஐசி (ஸ்பீக்கரை ஓட்டும் சிப்) போய்விடக்கூடும். வயரை வெட்டாமல் டி வடிவ கப்ளர் வாங்கினால் வாரன்டி தகராறும் குறையும்.

வாங்குமுன் ஒரு சோதனை: வால்யூமை ஏற்றும்போது பாஸ் மட்டும் மெலிகிறதா? சில ஸ்டீரியோக்கள் சின்ன ஸ்பீக்கரைக் காப்பாற்ற அப்படிக் குறைக்கும். அங்கே பாஸை மீட்டுத்தரும் டிஎஸ்பி (சிக்னலைத் திருத்தும் சாதனம்) இல்லாமல் 12 இன்ச் பெட்டி வாங்குவது தண்டச் செலவு. குறைந்த வால்யூமில் கேட்பவருக்கு இந்தக் குறை தெரியவே தெரியாது, சீட்டடி வகை ஒத்துப்போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெட்டி வைத்தவர்கள் வால்யூம் ஏற்றினால் முதலில் கரகரப்பது டோர் ஸ்பீக்கர். ஸ்டீரியோவில் பாஸைக் குறைத்தால் சப்வூஃபருக்குப் போகும் சிக்னலும் சேர்ந்து குறையும். அதனால் முன் டோர் ஸ்பீக்கர் 4 ஓம் என்றால், ஒவ்வொன்றுக்கும் தொடரில் 400 மைக்ரோஃபாரட் நான்-போலார் கெப்பாசிட்டர் போடுங்கள். அவற்றுக்குப் போகும் ஒலி 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே தணிந்துவிடும்.

கடைசியாக ஆம்பின் செட்டிங்: லோ-பாஸ் ஃபில்டர் (அதற்கு மேலான ஒலியைக் குறைப்பது) 80 ஹெர்ட்ஸ், பாஸ் பூஸ்ட் பூஜ்யம். ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து கெய்னைத் (சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்ற திருகு) திருகி, கரகரப்பு தொடங்குமுன் நிறுத்துங்கள். ஃபேஸ் சுவிட்சை (சப்வூஃபர் அதிர்வைத் தலைகீழாக்குவது) டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மாற்றிப் பார்த்து, பாஸ் கூடுதலாகக் கேட்கும் பக்கம் விடலாம்.

டோர் ஸ்பீக்கர்களை மாற்றப் போவதில்லை என்றால் சீட்டடி சப்வூஃபரே பொருத்தம். மாற்றப் போகிறவர் 10 இன்ச் மூடிய பெட்டிக்குப் போகலாம். போர்ட் வைத்த 12 இன்ச் கம்பெனி ஸ்டீரியோவோடு ஒட்டாது. ஸ்டெப்னி குழிக்குள் உட்காரும் வட்ட வகையும் உண்டு. பாஸ் நன்றாகவே வரும், ஆனால் பஞ்சரானால் முதலில் அதைக் கழற்ற வேண்டும்.