நரகக் கதவின் தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

சபையில் வாலிபர் வகுப்பை ஏற்றுக்கொண்ட மூன்றாவது வாரமே கேள்வி வந்துவிட்டது. "அங்கிள், தேவன் அன்பாகவே இருக்கிறார்னா நரகம் எதுக்கு?" கேட்டவனுக்குப் பதினாறு வயது. அவன் தாத்தா பாட்டி இன்றும் சிங்கப்பூர் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். ‘நம்பாதவர்களுக்கு நரகம்’ என்ற மனப்பாடப் பதிலை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு மாதம் படித்து ஒரு பக்கம் சாய்ந்தேன்.

நான் வளர்ந்தது நித்திய ஆக்கினைக் கொள்கையில்: நரகத் தண்டனைக்கு முடிவே இல்லை என்பது. மத்தேயு 25:46 ஒரே மூச்சில் நித்திய ஆக்கினையையும் நித்திய ஜீவனையும் சொல்கிறது. ஒன்றுக்கு முடிவு உண்டென்றால் மற்றதற்கும் உண்டாகிவிடும் என்றார் பழங்காலச் சபைப் பிதா அகஸ்டின். லேசில் தள்ளக்கூடிய வாதமில்லை. எழுபது வருஷப் பாவத்துக்கு முடிவில்லாத தண்டனையா என்பது எல்லாரும் கேட்டுச் சலித்த கேள்வி, அதை விடுகிறேன்.

அடுத்தது அழிவுக் கொள்கை. நரகம் வதைக்காது, இல்லாமல் ஆக்கிவிடும். ‘பாவத்தின் சம்பளம் மரணம்’ என்றுதானே ரோமர் நிருபம் சொல்கிறது, வதை என்று இல்லையே. ஆங்கிலிக்கன் போதகர் ஜான் ஸ்டாட் 1988இல் தயக்கத்தோடு இந்தப் பக்கம் சாய்ந்தபோது பலருக்கு அதிர்ச்சி. மூன்றாவது, கடைசியில் எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்பது. நான்காம் நூற்றாண்டில் நீசாவின் கிரெகோரி போன்ற பெரியவர்களே அப்படி நம்பினார்கள். என் மனசு ஏங்குவதும் இதற்குத்தான். ஆனால் "வரமாட்டேன்" என்பவனை என்ன செய்வது? இழுத்துவர மாட்டார், உருக வைப்பார் என்கிறார்கள். இருக்கலாம்.

நான் பிடித்துக்கொண்டது நான்காவதை. நரகத்தின் கதவு உள்பக்கமாகத் தாழிடப்பட்டது என்று 1940இல் கிறிஸ்தவ எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ் எழுதினார். கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் நரகத்தை, மனிதன் தன்னைத்தானே கடவுளிடமிருந்து விலக்கிக்கொள்ளும் நிலை என்றே விளக்குகிறது.

எனக்கு முடிவைத் தந்தது ஒரே ஒரு கேள்வி: அந்த நேரத்தில் தகப்பன் எங்கே நிற்கிறார்? லூக்கா 15இல் சொத்தைப் பிரித்து வாங்கி அழித்த இளைய மகன் திரும்பி வந்த கதை எல்லாருக்கும் தெரியும். மூத்தவனை மறந்துவிடுகிறோம். தம்பி வந்ததற்காக வீட்டுக்குள் ஆடல்பாடல், இவன் கோபித்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிடுகிறான். தகப்பன் விருந்தை விட்டு வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா? இயேசு சொல்லவில்லை. முதல் கொள்கையில் தகப்பன் தண்டிக்கிற இடத்தில் இருக்கிறார். இரண்டாவதில் ஒரு பிள்ளை இல்லாமலே பந்தி நடக்கிறது. இங்கேதான் அவர் பிள்ளையோடு வெளியே நிற்கிறார்.

இதை நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். தாத்தா வீட்டை விற்ற பணத்தில் பிரச்சினை. பெரிய மாமா அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அம்மா ஈசூனிலிருந்து தோ பாயோவுக்கு அச்சு முறுக்கு எடுத்துக்கொண்டு போவார். உள்ளே டிவி சத்தம் கேட்கும், கேட் திறக்காது. டின்னைப் பையோடு கம்பியில் மாட்டிவிட்டு, பத்து நிமிஷம் காரிடாரில் நின்றுவிட்டு வருவார். அவர் வந்தபிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு. ஆறிப்போன பிரியாணிதான் எங்கள் வீட்டுக் கிறிஸ்மஸ். அந்தக் கேட்டுக்குள் மாமா இருந்த நிலைக்கு நரகம் என்று பெயர் வைத்தால், அதை அம்மா உண்டாக்கவில்லை. அன்பும் குறையவில்லை.

ஓட்டையும் இருக்கிறது. பத்துக் கன்னிகைகள் உவமையில் கதவை அடைப்பது வீட்டுப் பக்கம்தான். எண்ணெய் வாங்கப் போய்க் கல்யாண வீட்டுக்குத் தாமதமாக வந்த ஐந்து பேர் வெளியே நின்று திறக்கச் சொல்லிக் கேட்கிறார்கள், திறக்கவில்லை. என் கதவு அங்கே பொருந்தவே இல்லை, வளைத்துப் பொருத்தவும் நான் தயாரில்லை. நற்செய்தியைக் கேட்காமலே போனவர்கள், மனம் கலங்கியவர்கள் ‘தாழிட்டார்கள்’ என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை. அந்தப் பையனின் தாத்தா பாட்டியைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லவில்லை.

வகுப்பில் இதையெல்லாம் சொன்னேன். அவன் மாமாவை மட்டும் பிடித்துக்கொண்டான். "கடைசியில திறந்தாரா அங்கிள்?"

திறக்கவில்லை. ஆனால் பன்னிரண்டாவது வருஷம் அம்மா முறுக்கு எடுத்துக்கொண்டு போனபோது, முந்தின வருஷத்து டின் கழுவித் துடைத்து கேட் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.